ஒன்பதாவது வரி

திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு மாடி மெஷின் ரூமில் இருந்தவர்கள்: ஜெயராம். அவனுடைய அப்பா கஸ்தூரிரங்கன். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய முப்பது மோடம்கள். அவற்றுக்கு மேல் ஒரு ரவுட்டர். பொங்கலுக்குப் பிறகு ஒரு நாள்கூட ஓயாத ஏசி. சுவரில் ஒரு பெருமாள் காலண்டர், 1999 நவம்பர்.

இருந்திருக்க வேண்டும், ஆனால் இல்லாதவர்கள்: எஞ்சினியர். அவன் போன மாதம் அமெரிக்கா போய்விட்டான். இரண்டாயிரம் பிறந்ததும் அங்கே கம்ப்யூட்டரெல்லாம் செத்துப்போகுமாம், காப்பாற்ற ஆள் எடுக்கிறார்கள். அவனுக்கு முந்தைய எஞ்சினியர் செபஸ்தியான். எட்டு மாதத்துக்கு முன்னால் இந்த வீட்டுப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டான், அதனால் இல்லை. அந்தப் பெண் மாளவிகா. அதே காரணத்தால் அவளும் இல்லை.

"கதவைச் சாத்துடா, ஏசி வெளியில போறது" என்றார் கஸ்தூரிரங்கன். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்வார். டெலிபோன்ஸில் முப்பத்தாறு வருஷம். மெஷின் இருக்கும் அறையில் கதவு திறந்திருந்தால் அவருக்குத் தாங்காது.

ஜெயராம் சாத்தினான்.

"என்ன, மோடம்ல எல்லா லைட்டும் அணைஞ்சு கிடக்கு?"

"மெரிடியன் பக்கம் ஏதோ ப்ராப்ளம்பா. பேசிண்டிருக்கேன்."

பொய். ப்ராப்ளம் இந்தப் பக்கம்தான். அதை உண்டாக்கியவன் அவன்தான்.

முந்தைய நாள் சாயங்காலம் ஜெயராம் எல்லியட்ஸ் பீச்சுக்குப் போனதும், வேளாங்கண்ணி கோயில் பக்கத்துச் சந்தில் ஒரு புது பிரவுசிங் சென்டரைப் பார்த்ததும், கவுன்ட்டரில் தங்கை மாளவிகா உட்கார்ந்து யாரிடமோ சிரித்துக்கொண்டிருந்ததும் போன வாரம் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். அவன் உள்ளே போகவில்லை. வீட்டுக்கு வந்து கஸ்டமர் ஃபைலைப் புரட்டினான். 'எல்லியட்ஸ் நெட், பெசன்ட் நகர்.' கனெக்‌ஷன் கொடுத்தது இந்த மாடியில் நடக்கும் இதே இன்டர்நெட் கம்பெனி. அமெரிக்கா போன படுபாவிதான் கொடுத்திருக்க வேண்டும் என்று நினைத்தான்.

செபஸ்தியானை வேலைக்குக் கொண்டுவந்தவன் ஜெயராம். "கூட்டிண்டு வந்தது நீ" என்று அப்பா ஒரே ஒரு தடவை சொன்னார். அதற்குப் பிறகு சொல்லவில்லை. சொல்லாத எட்டு மாதமும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார் என்பது ஜெயராமின் கணக்கு. அவள் அங்கே உட்கார்ந்து சிரிக்கிறாள், அதுவும் நம் லைனில்.

காலை எட்டு ஐம்பத்திரண்டுக்கு ரவுட்டர் முன் உட்கார்ந்தான்.

ரவுட்டர் என்பது வேறொன்றுமில்லை. 'இந்தந்த முகவரிக்காரர்கள் என்னிடம் இருக்கிறார்கள், அவர்களுக்கு வரும் தபாலை என்னிடம் அனுப்பு' என்று மேலே இருக்கும் பெரிய கம்பெனிக்கு ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும் பெட்டி. மேலே இருப்பது மெரிடியன். அவசரத்துக்கு இன்னொரு கம்பெனியிலிருந்தும் நூல் மாதிரி ஒரு சின்ன லைன் உண்டு. அந்தக் கம்பெனி, உலகத்தில் உள்ள எல்லா முகவரிகளையும் இந்தப் பெட்டியின் காதில் ஓதும். கேட்டதையெல்லாம் பெட்டி மெரிடியனிடம் போய் உளறக் கூடாது. அதற்காக செபஸ்தியான் ஒரு ஃபில்டர் போட்டிருந்தான். மொத்தம் பதினோரு வரி. இந்தப் பதினோரு முகவரியை மட்டும் வெளியே சொல், மற்றதை மூடிக்கொள்.

ஒன்பதாவது வரி எல்லியட்ஸ் நெட். செபஸ்தியான் போன பிறகு, விலகிப்போன ஒரு கஸ்டமரின் இடத்தில் சேர்த்தது.

அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துவிடு என்று ஜெயராம் கட்டளை அடித்தான். பெட்டி மறுபேச்சில்லாமல் பதினோரு வரியையும் எடுத்துவிட்டது. அதன் சுபாவம் அது. ஜெயராமுக்கு அது தெரியாது. திருப்தியாக சேமித்தும் வைத்தான். பழையது போயே போய்விட்டது.

அடுத்த நிமிஷமே பெட்டி வாயைத் திறந்தது. உலகத்து அறுபதாயிரம் முகவரிகளும் என்னிடம்தான் இருக்கின்றன என்றது. மெரிடியன் நம்பியது. லஸ் கார்னரில் ஒருவன் நின்றுகொண்டு நகரத்து பஸ்ஸையெல்லாம் சித்திரக்குளம் பக்கத்துச் சந்துக்குத் திருப்பிவிட்டால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது. மெரிடியனை நம்பியிருந்த பாதி ஊருக்கு இருபது நிமிஷம் ஒன்றும் ஓடவில்லை. ஒன்பதேகாலுக்கு அவர்கள் இந்த வீட்டு லைனை அறுத்தார்கள்.

அப்பா ஒரு சஷ்டியப்தபூர்த்திக்கு தி. நகர் கிளம்பிப் போனதும் ஜெயராம் போனை எடுத்தான்.

"பாய், நான் ஜெயராம்."

"உங்க குரலைக் கேட்டாலே போனை வெச்சிடலாமான்னு தோணுது சார்." மெரிடியன் எஞ்சினியர் பீர் முஹம்மது. நல்ல மனிதர், இன்றைக்கு நல்ல மனநிலை இல்லை. "மேல இருந்து என்னைக் காய்ச்சி எடுத்துட்டாங்க. உங்க பெட்டி சொன்னதை எங்க பெட்டி ஏன் நம்பிச்சுன்னு கேக்குறாங்க. எங்க பக்கமும் ஒரு ஃபில்டர் இருந்திருக்கணும். தப்புதான். இனிமே இருக்கும்."

"எப்ப திரும்பக் குடுப்பீங்க?"

"ரெண்டு வேணும். ஒண்ணு, உங்க ரவுட்டர்ல ஃபில்டர். ரெண்டு, அதே லிஸ்ட்டு பேப்பர்ல, ஓனர் கையெழுத்தோட ஃபேக்ஸ். ரெண்டும் அச்சுஅசலா ஒண்ணா இருக்கணும். சாயங்காலம் ஆறு மணி. அதுக்குள்ள வரலேன்னா கனெக்‌ஷனை கேன்சல் பண்ணச் சொல்லி ஆர்டர். அப்புறம் புது அப்ளிகேஷன், க்யூவுல ஆறு மாசம்."

"ஆறு மாசம் எவன் பாய் எனக்காகக் காத்துண்டிருப்பான்?"

"அதான் சொல்றேன். ஆறு மணி."

முப்பத்திரண்டு வயசில் ஜெயராம் மூன்று தொழில் பார்த்து மூன்றிலும் தோற்றவன். அக்வாகார்டு ஏஜென்சி, எஸ்.டி.டி. பூத், கேபிள் டிவி. நான்காவது இது. இதுதான் நின்றது. இந்த அறையில் மட்டும்தான் அவன் ஒரு ஆள். ஆறு மணிக்குப் பிறகு அதுவும் இல்லை.

ஃபைலில் ஆறு முகவரி கிடைத்தது. மிச்சம் ஐந்தும் எங்கேயும் இல்லை. செபஸ்தியான் வாயால் சொல்லி, கையால் அடித்தவை. அவன் எழுதிவைத்த நீள நோட்டு ஒன்று இருந்தது. மார்ச் மாதம் அதைப் பழைய பேப்பர்காரனிடம் போட்டவன் ஜெயராம். மேலே நின்று பார்த்து, எடை போட்டதைக்கூட ரசித்தான்.

மத்தியானம் வரை மேனுவலைப் பார்த்து ஆறு வரிகளை அடித்தான். பீர் முஹம்மது ஒரு நிமிஷம் லைனைத் திறந்து பார்த்தார்.

"சார், ஒண்ணும் வரல."

"ஆறு வரணுமே?"

"ஆறும் இல்ல, அரையும் இல்ல. காத்தால வாயைத் தொறந்து அறுபதாயிரம் சொல்லிச்சு, இப்ப வாயையே தெச்சுட்டீங்க. தெரிஞ்ச ஆளை வெச்சுப் போடுங்க சார். இன்னும் ஒரே ஒரு தடவை டெஸ்ட் பண்ணித் தருவேன். அவ்வளவுதான் என்னால முடியும்."

தெரிஞ்ச ஆள். ஜெயராம் சுவரைப் பார்த்தான். காலண்டர் பெருமாள் ஒன்றும் சொல்வதாயில்லை. பிறகு ஸ்கூட்டர் சாவியை எடுத்தான்.

மழை. மந்தைவெளியில் முழங்கால் தண்ணீர். ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டே பாதி தூரம், ஓட்டிக்கொண்டு மீதி தூரம். பெசன்ட் நகர் சேர்ந்தபோது மணி மூன்றரை.

பிரவுசிங் சென்டரில் எட்டு கம்ப்யூட்டர். எட்டுத் திரைகளும் சும்மா எரிந்துகொண்டிருந்தன. காலையிலிருந்து லைன் இல்லை. ஒரு பெரியம்மா எவர்சில்வர் தூக்கோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். செபஸ்தியானின் அம்மா தேசம்மா. ஊரூர் குப்பத்திலிருந்து மகனுக்கு மீன்குழம்பு கொண்டுவந்திருந்தாள்.

"மாளு..." என்றான் ஜெயராம்.

மாளவிகா நிமிர்ந்து பார்த்தாள். தலையிலிருந்து கால்வரை சொட்டுகிற அண்ணன். எட்டு மாதத்தில் முதல் தடவை.

"அப்பாவுக்கு ஏதாவதா?"

"இல்லே. அப்பா நன்னாயிருக்கார்."

அவள் முகத்தில் வந்த பயம் வந்த வேகத்திலேயே போயிற்று. "அப்ப இன்னா வேணும் உனக்கு?"

தங்கை வாயில் 'இன்னா'. ஜெயராம் அதை விழுங்கிக்கொண்டான்.

"செபஸ்தியானைப் பார்க்கணும்."

"யாரு இது, உங்கண்ணனா?" என்றாள் தேசம்மா. "நீ சொன்னப்ப ஆளு பெருசா இருப்பான்னு நெனச்சேன். உள்ளாற வரச் சொல்லும்மா, தரையெல்லாம் தண்ணி ஆகுது."

செபஸ்தியான் பின்னாலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தான். கறுப்பு, ஒல்லி, தூக்கம் கெட்ட கண். ஜெயராம் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். ஒன்றைத் தவிர.

"லிஸ்ட்டு காணோமா?"

"காணோம்."

"கடைசியா யாரு தொட்டது?"

"தெரியலே. கரன்ட் போய் வந்துது, அதுல போயிருக்கும்."

"கரன்ட்டுக்குப் படிக்கத் தெரியாது சார். லிஸ்ட்டைத் தேடி அழிக்க அதுக்கு இன்னா வேலை?" செபஸ்தியான் சிரிக்கவில்லை. "நம்பரெல்லாம் எனக்குத் தெரியும். ஆனா லைன் இல்லாம இங்கேர்ந்து ஒண்ணும் பண்ண முடியாது. பெட்டிக்கு முன்னாடி குந்தணும்."

"போகாதே" என்றாள் மாளவிகா கணவனிடம். அண்ணன் பக்கம் திரும்பினாள். "அன்னிக்கு இவன் கேட்டுக்கு வெளியில நின்னான், நான் சாமானை எடுத்துண்டு வர்ற வரைக்கும். உள்ளே வான்னு ஒருத்தர் சொல்லலே. நீ மாடியில நின்னு பாத்துண்டிருந்தே."

"மாளு, ஆறு மணிக்கு எல்லாம் போயிடும்."

"போகட்டுமே."

"உன் கடையும் அந்த லைன்லதான் ஓடறது."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. செபஸ்தியான் அவனை ஒரு நொடி அதிகமாகப் பார்த்தான்.

"எங்க கடை உங்க லைன்ல ஓடுதுன்னு உங்களுக்கு எப்பலேர்ந்து தெரியும் மச்சான்?"

மச்சான். முதல் தடவையாக அந்த வார்த்தை. ஜெயராம் சட்டை நுனியைப் பிழிந்தான்.

"உங்கப்பா?" என்றான் செபஸ்தியான்.

"வீட்டுல இல்லே. ராத்திரிதான் வருவார்."

தேசம்மா தூக்கை மகன் பக்கம் தள்ளினாள். "ரெண்டு வாய் துன்னுட்டுப் போடா. சண்டைக்குப் போனாலும் சமாதானத்துக்குப் போனாலும் வவுறு காலியா போவக் கூடாது."

அவன் தின்னவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டான்.

ஐந்தேகால். வெளிப்படிக்கட்டில் ஏறி மேலே வந்ததும் செபஸ்தியான் மெஷின் ரூம் வாசலில் நின்றான். உள்ளே ஒரு பார்வை. பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். கீபோர்டு அவனை மறக்கவில்லை.

முதலில் பெட்டியில் இருப்பதையெல்லாம் திரையில் ஓடவிட்டான். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வரி இருந்தது. கடைசியாக மாற்றியவர் யார், எத்தனை மணிக்கு என்று பெட்டி தானே எழுதிவைக்கும் வரி. பெட்டியில் கைவைக்கும் ஒவ்வொருவருக்கும் தனிப் பெயர் வேண்டும் என்று ஏற்பாடு செய்தவனே செபஸ்தியான்தான். மத்தியானம் ஒன்று பத்து, ஜெயராம். பெட்டி தனியாக வைத்திருந்த குறிப்பைப் புரட்டினான். அதற்கு முன்: காலை எட்டு ஐம்பத்திரண்டு. ஜெயராம்.

இரண்டு பேரும் படித்தார்கள்.

"நம்பர் போட்ட லிஸ்ட்டுல ஒரு வரியை மட்டும் உருவ முடியாது சார்" என்றான் செபஸ்தியான் திரையைப் பார்த்தபடியே. "ஒண்ணைத் தூக்கச் சொன்னா எல்லாத்தையும் தூக்கிடும். முழுசா அழிச்சிட்டு, வேணும்கிறதை மறுபடி எழுதணும்." கொஞ்சம் நிறுத்தினான். "எந்த வரியை உருவப் பாத்தீங்க?"

ஜெயராம் மேனுவலை எடுத்து மூடிவைத்தான்.

"சரி, வுடுங்க."

செபஸ்தியான் கீபோர்டை முன்னால் இழுத்தான். அடித்தான். பார்த்து அடிக்க ஒன்றும் இல்லை, எல்லாம் தலைக்குள் இருந்தது. அடையாறு காலேஜ். கச்சேரி ரோடு ஆஸ்பத்திரி. பாண்டி பஜார் துணிக்கடை. ஜெயராம் பின்னால் நின்று எண்ணினான். எட்டு முடிந்தது. ஒன்பதாவதாக வந்தது பழைய பத்தாவது. அதற்கடுத்தது பழைய பதினொன்று. செபஸ்தியான் சேமித்தான். பிரின்ட்டர் கரகரவென்று ஒரு தாளைத் துப்பியது.

"பத்து. முடிஞ்சுது." எழுந்தான்.

"செபஸ்தியான்... உங்க கடை?"

"காத்தால இந்த வீட்டு ஆளு ஒருத்தர் அதைத் தூக்கினாரு. தூக்கின எடத்துல நானா போய் மறுபடி குந்த மாட்டேன்." வாசலில் செருப்பைத் தேடினான். "பீர் பாய்க்கு ஃபேக்ஸ் போட்ருங்க. மணி அஞ்சே முக்கால் ஆவப் போவுது."

ஜெயராம் தாளை மேஜையில் வைத்துப் பேனாவைத் திறந்தான். கம்பெனி அப்பா பேரில்தான், அவர் கையெழுத்து அவனுக்குப் புதிதில்லை. எட்டாம் கிளாஸ் ரிப்போர்ட் கார்டிலிருந்து பழக்கம்.

"குடு இங்கே."

கஸ்தூரிரங்கன். கையில் சொட்டும் குடை. மத்தியானமே வந்துவிட்டிருந்தார். மகன் இல்லாத வீட்டில் கீழே தனியாக உட்கார்ந்திருந்தார்.

"அந்த மெரிடியன்காரன் கீழே போன் பண்ணினான். ஓனர் கையெழுத்து அசலா இருக்கணுமாம். ஓனருக்கு அப்பத்தான் சமாசாரம் தெரிஞ்சுது."

படியில் பாதி இறங்கியிருந்த செபஸ்தியான் நின்றான். அவர் அவனைப் பார்க்கவில்லை. தாளைத்தான் பார்த்தார். விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டு எண்ணினார்.

"பத்துதான் இருக்கு."

"பத்துதான் சார்" என்றான் செபஸ்தியான், மழைக்குள்ளிருந்து.

"பதினொண்ணு."

ஜெயராம் அப்பாவைப் பார்த்தான். அவர் பேனாவை வாங்கி, எட்டாவது வரிக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரு நம்பரை எழுதினார். எதையும் பார்க்காமல். டெலிபோன்ஸ்காரர் கையெழுத்து, ஏழுக்கு நடுவில் கோடு.

"உங்களுக்கு எப்படிப்பா..."

"எல்லியட்ஸ் நெட் ஃபாரத்துல கையெழுத்துப் போட்டதே நான்தான். ஜூன் மாசம். குடுத்தவனுக்கு நம்பர் தெரியாதா?"

அவ்வளவுதான் சொன்னார். மகளோடு ஒரு வார்த்தை பேசாத மனிதர். அடியில் கையெழுத்திட்டார். தானே ஃபேக்ஸில் வைத்து அனுப்பினார். நிமிர்ந்தபோது படியில் யாரும் இல்லை.

போன் அலறியது. ஐந்து ஐம்பது.

"சார், டெஸ்ட்டுக்கு லைனைத் தெறந்தேன்" என்றார் பீர் முஹம்மது. "அருமையா வருது. ஆனா பேப்பர்ல பதினொண்ணு கீது, உங்க பெட்டி பத்துதான் சொல்லுது. கையால எழுதின ஒண்ணு இடிக்குதே. எது சரி?"

ஜெயராம் ரிசீவரைப் பொத்தினான். "அப்பா, பேப்பரை மாத்தி அனுப்பிடலாம். பத்துன்னு போட்டு. ஒரு நிமிஷ வேலை."

"என் கையெழுத்தை நான் மாத்த மாட்டேன். பெட்டியை மாத்து."

"எனக்குத் தெரியாதுப்பா. மத்தியானம் தொட்டேன், எல்லாம் வாயை மூடிண்டுது."

"தெரிஞ்சவன் இப்பத்தான் படியிறங்கினான்."

"நீங்க கூப்பிடுங்கோ. நீங்க கூப்பிட்டா வருவான்."

கஸ்தூரிரங்கன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எட்டு ஐம்பத்திரண்டு. அதற்குப் பக்கத்தில் இருந்த பெயர். முப்பத்தாறு வருஷம் இப்படிப்பட்ட குறிப்புகளைப் படித்தவர்.

"எடுத்தவன் கூப்பிடட்டும்" என்றார்.

ஜெயராம் ஓடினான். செருப்பில்லாமல், நனைந்த படியில் ஒரு தடவை சறுக்கி, முழங்காலைத் தேய்த்துக்கொண்டு. செபஸ்தியான் தெருவிளக்கடியில் ஆட்டோவுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தான்.

"செபஸ்தியான்!"

திரும்பினான்.

"ஒன்பதாவது வரி..." மூச்சு வாங்கியது. "நான்தான் எடுத்தேன். நேத்திக்கு உங்க கடையைப் பார்த்தேன். மாளு சிரிச்சுண்டிருந்தா. பொறுக்கலே."

ஆட்டோ வந்து நின்றது. "ஏறுறீங்களா இல்லியா நைனா?" என்றான் ஓட்டுகிறவன்.

"அதைப் போட்டுக் குடுங்க. அப்பா சொன்னதுக்காக இல்லே." என்ன சொன்னால் போதும் என்று ஜெயராமுக்குத் தெரியவில்லை. "நான் கேக்கறேன். உள்ளே வாங்கோ."

செபஸ்தியான் மழையில் நின்றான். மார்ச் மாதம் நின்ற அதே கேட். எவ்வளவு நேரம் நின்றான் என்பது ஜெயராமுக்குத் தெரியாது. மணி ஐந்து ஐம்பத்துநாலா, ஐம்பத்தைந்தா? ஆட்டோக்காரன் திட்டிவிட்டுப் போனான்.

"உங்களுக்காக வரல" என்றான் செபஸ்தியான். "காத்தாலேர்ந்து எட்டு மிஷினு சும்மா குந்திகினு கீது."

படியேறினான். ஜெயராம் பின்னாலேயே ஏறினான்.

கஸ்தூரிரங்கன் கதவருகில் நின்றிருந்தார். மருமகனுக்கு வழிவிட்டு ஒதுங்கினார். எட்டு மாதத்தில் முதல் தடவையாக அவன் முகத்தைப் பார்த்து, "தலையைத் துவட்டிக்கோ, கீபோர்டுல சொட்டும்" என்று தோள் துண்டை நீட்டினார். அவன் வாங்கிக்கொண்டு உள்ளே போனான்.

ஜெயராம் வாசற்படியில் காலை வைத்தான்.

அப்பாவின் கை குறுக்கே வந்தது.

"அப்பா, மணி ஆகப் போறது."

"தெரியும்."

"நான் உள்ளே வந்து..."

"நீ என்ன பண்ணுவே உள்ளே?"

உள்ளே கீபோர்டு சத்தம் தொடங்கிவிட்டது. மேஜைமேல் கிடந்த ரிசீவரிலிருந்து பீர் முஹம்மதுவின் குரல், சின்னதாக, "சார்? சார்?" என்றது.

"ஏசி வெளியில போறது" என்றார் கஸ்தூரிரங்கன்.

எப்போதும் வெறுமனே சாத்துகிற கதவு. அதற்கு ஒரு பூட்டு இருந்ததையே ஜெயராம் மறந்துபோயிருந்தான். அப்பா செபஸ்தியானுக்குப் பின்னால் உள்ளே போனார், கதவு மூடியது. சாவி உள்பக்கம் இரண்டு தடவை திரும்பியது.